ஆடிவேல் முதல் விளக்கீடு வரை

மேனாட்டார் ஆண்டை நான்கு பருவமாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றை இலையுதிர் காலம் என்பர். அறுவடை முடிந்து குளிர் தொடங்குமுன் அவர்கள் ஊர்தோறும் சந்தை கூட்டி விழாக் கொண்டாடும் காலம் அது. நம் முன்னோர் பகுத்த பருவங்களோ ஆறு. ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கொழும்பு மாநகரில் அக்காலத்தில் உதிர்வது இலையன்று, மழைதான். ஆயினும் குடைபிடித்துக் கொண்டேனும் கோயிலுக்குப் போகும் காலம் நமக்கும் அதுவே. ஆடிப் பூரணையில் தொடங்கிக் கார்த்திகை விளக்கீடு வரையில் இவ்வூரில் விழாவற்ற மாதம் ஒன்றைக் காண்பது அரிது.

இவ்விழாக்களை இன்றைய இளைஞர் பலர் கண்டிருப்பர். அவை இங்கே எவ்வாறு வந்தன, எவரால் வந்தன, எத்தனை இடர் கடந்து நிலைத்தன என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் எங்கே போகலாம் என்று வழிகாட்டுவதோடு, போகுமிடத்தின் வரலாற்றையும் ஓரளவு சொல்ல முற்படுகின்றோம். ஆடி மாதம் காருக்கு முந்தியதாயிற்றே என்று கணக்குப் பார்க்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. கொழும்புச் சைவரின் விழாக்காலத்துக்கு வாயில் ஆடிவேலே.

ஆடிவேலைப் பற்றிப் பேசுமுன் கதிர்காமத்தைப் பற்றிப் பேசவேண்டும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய அத்தலத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அடியார்கள் கால்நடையாகவே சென்றனர். கீழ்க்கரை வழியே உகந்தை வரை வந்து, குமணை, யால காடுகளைக் கடந்து மாணிக்க கங்கையை அடைவது அவர்கள் வழி. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தோரும் பலர். ஆடி அமாவாசையை ஒட்டித் தொடங்கும் உற்சவம் பூரணையன்று நீர்வெட்டுடன் நிறைவெய்தும். அங்கே மூலமூர்த்தியை எவரும் காண்பதில்லை. திரைக்குப் பின்னே இருப்பதைத் திரை நீக்காமலே வணங்குவர். பூசை செய்யும் கப்புறாளை வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்வார். யானைமேல் எழுந்தருள்வதும் பேழையுள் மூடிய யந்திரமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஆங்கில அரசினர் இந்த யாத்திரையைக் கவலையோடு நோக்கலாயினர். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரும் பாதைகளிலும், யாத்திரீகர் கூடும் இடங்களிலும் வாந்திபேதி பரவிப் பலரைக் கொன்றது உண்மை. ஆயிரக்கணக்கானோர் ஓர் ஆற்றங்கரையில் இரு வாரம் தங்கினால் நோய் பரவாதிருக்குமா? ஆகவே அரசினர் யாத்திரையைக் கட்டுப்படுத்தினர். அனுமதிச் சீட்டு இன்றிப் போகக்கூடாது என்ற நிலையும் வந்தது. பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்வ் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்வது அவர் கடமைகளுள் ஒன்று. அதனை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். நோயைத் தடுத்த அரசினரை நாம் குறைகூறவில்லை. ஆனால் தன் தெய்வத்தைக் காணச் சீட்டுக் கேட்டு நிற்கும் நிலை அடியவனுக்கு எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அக்காலத்திற் கொழும்புச் செட்டியார் தெருவில் பெருவணிகராக விளங்கியோர் நாட்டுக்கோட்டை நகரத்தார். அரிசி இறக்குமதி அவர்கள் கையில். தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் கடன் கொடுத்தோரும் அவர்களே. ஆங்கில வங்கிகளின் கதவு சிறு வணிகனுக்குத் திறக்காத காலத்தில், அவ்வங்கிகளிடம் தாம் கடன் வாங்கி, பிறருக்குத் தம் பொறுப்பிற் கடன் கொடுத்தனர். கதிர்வேலன் அவர்கள் குலதெய்வம் போன்றவன். ஆடிதோறும் கதிர்காமத்துக்குப் போகும் வழி அடைபட்டபோது, அவ்விழாவைக் கொழும்பிலேயே எடுப்பதென அவர்கள் துணிந்தனர். 1874ஆம் ஆண்டிற் கொழும்பில் ஆடிவேல் தொடங்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்கு அடுத்த ஆண்டில்தான், 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். நகரம் வளர்ந்த வேகத்திலேயே விழாவும் வளர்ந்தது என்று இதனாற் கொள்ளலாம்.

செட்டியார் தெருவில் பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் என இரண்டு உண்டு. புறக்கோட்டைச் சம்மாங்கோட்டார் கோயிலும் இவ்விழாவிற் பங்குடையது. வேலைத் தாங்கிய தேர் அங்கிருந்து புறப்பட்டு, கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடலின் கடற்காற்றில் அசைந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்துக் கோயில்களை அடையும். அங்கே சில நாள் தங்கி, பூசையும் அன்னதானமும் ஏற்று, மீண்டும் புறக்கோட்டைக்குத் திரும்பும். வெண்மையான எருதுகள் பூட்டிய தேர், அதற்கு முன்னே காவடி, நாதசுரம், தவில், வழிநெடுக நிறைகுடமும் அருச்சனைத் தட்டும். சில மைல் தூரம் செல்லப் பகல் முழுதும் ஆகும். வீட்டுக்கு வீடு தேர் நின்றால் நேரம் ஆகத்தானே செய்யும்!

ஏன் தேர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகவேண்டும்? கோயிலைச் சுற்றி வந்தாற் போதாதா? விடை எளிது. கதிர்காமம் போதல் ஒரு யாத்திரை. யாத்திரைக்குப் புறப்படும் இடமும் வேண்டும், சேருமிடமும் வேண்டும், இடையில் நடையும் வேண்டும். அன்றைய பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் தென்னந்தோப்புகள் நிறைந்த ஊர்ப்புறங்கள். பட்டினத்திலிருந்து அங்கே செல்வது சிறு யாத்திரையே ஆயிற்று. நகரத்தார் போன இடமெல்லாம் இதே முறையைக் காணலாம். சிங்கப்பூரில் 1859ஆம் ஆண்டில் அவர்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். பினாங்கில் 1894ஆம் ஆண்டு முதல் வெள்ளித்தேர் ஓடுகின்றது. அங்கேயும் பட்டினத்து வீதியிலிருந்து புறநகர்க் கோயிலுக்குத் தைப்பூசத்திலே தேர் செல்லும். மாதம் வேறு, அமைப்பு ஒன்று. வணிகனாகக் கப்பலேறியவனுக்கு வேல் எவ்வளவு உகந்த தெய்வ வடிவம் என்பதும் இதனால் விளங்கும். மலையைத் தூக்கிச் செல்ல முடியாது. வேலைக் கொண்டு செல்லலாம்.

ஆயினும் ஆடிவேலைக் கதிர்காமத்தின் பிரதி என்று சிலர் சொல்வது பொருந்தாது என்பது எம் கருத்து. அங்கே மௌனமும் திரையும். இங்கே மேளமும் வெளிச்சமும். அங்கே காடு; இங்கே கடைத்தெரு. பாதை அடைபட்டதனாற் பிறந்த விழா, பாதை திறந்த பின்னும் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கதிர்காமத்துக்கு மோட்டார் வாகனம் செல்லும் தெரு அமைந்து, எவரும் ஒரே நாளிற் போகலாம் என்ற நிலை வந்த பிறகும் கொழும்புத் தேர் நிற்கவில்லை. அது தனக்கெனவே வேர் விட்டுவிட்டது.

அந்த வேருக்கு நீர் வார்த்தது பக்தி ஒன்றே என்று சொல்வதற்கில்லை, கடைகளும் வார்த்தன! வேல் தங்கும் நாட்களில் காலி வீதியின் இருமருங்கும் சந்தையாகும். கரும்பு, எள்ளுருண்டை, மஸ்கட், பம்பாய் மிட்டாய், கண்ணாடி வளையல், ஊதுகுழல், தகரப் பொம்மை, களிமண் உண்டியல் யாவும் அங்கே கிடைக்கும். இந்தியாவிலிருந்து நாதசுர வித்துவான்களையும் பாடகர்களையும் வரவழைத்து இரவிரவாகக் கச்சேரி வைத்த காலம் உண்டு. வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு வராத காலத்தில் நல்ல சங்கீதத்தைக் காசின்றிக் கேட்க வேறு வழி ஏது? துறைமுகத் தொழிலாளி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தான். வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளி ஆலை விட்டு வந்தான். சிங்களக் குடும்பத்தினர் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து வந்தனர். முஸ்லிம் வியாபாரி வளையற் கடை விரித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்க்க வந்து வெள்ளவத்தையிற் குடியேறிய எம்மவர், தொடக்கத்தில் இதனைச் செட்டியார் திருவிழா என்றே சற்று விலகி நின்று பார்த்தனர். அவர்கள் மனம் நல்லூரில் இருந்தது. அவர்களின் பிள்ளைகளோ நல்லூரை அறியுமுன் வேலை அறிந்தனர்.

வீதியிலே ஒரு சமயத்தார் மேளத்துடன் போவது எளிய காரியம் என்று எண்ணவேண்டாம். அதனைக் கொட்டாஞ்சேனை நன்கறியும். 1883ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரைக்குப் பௌத்தர்கள் ஊர்வலமாகச் சென்றபோது, கத்தோலிக்கர் எதிர்த்துத் தாக்கியதிற் பெருங்கலகம் விளைந்தது. நீதி கிடைக்கவில்லை எனக் கருதிய பௌத்தர்களுக்காகக் கேர்ணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். அடுத்த ஆண்டிலே வெசாக் பூரணை அரசாங்க விடுமுறை ஆயிற்று. சட்டசபையில் இவ்விடுமுறைக்காக வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை நம் இளைஞர் மறக்கலாகாது. 1885 ஏப்பிரல் 28ஆம் நாளிலே பௌத்தக் கொடி முதன்முதல் ஏற்றப்பட்டது அந்தக் கொட்டாஞ்சேனை விகாரையிலேதான். முப்பது ஆண்டு கழித்து, 1915இல், பள்ளிவாசல் முன் மேளம் முழங்கலாமா என்ற வழக்கின் சூட்டிலே மூண்ட கலவரம் நாடெங்கும் பரவியது. இத்தகைய நகரில் ஆடிதோறும் காலி வீதியின் நடுவே வேல் சென்று மீண்டது சிறிய செயலன்று. பிற சமயத்தாரும் அதனைத் தம் விழாவாகவே பார்த்தமையே அதற்குக் காவலாயிற்று.

நகரத்தாரின் செல்வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1925ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட கடன் நெருக்கடியில் ஆங்கில வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கின. பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களுக்குப் பின் அவர்களிற் பெரும்பாலோர் செட்டிநாட்டுக்கே திரும்பினர். கணக்கப்பிள்ளைகள் அமர்ந்து பெட்டியடியில் வட்டி எழுதிய கிட்டங்கிகள் நகைக்கடைகளாயின. செட்டியார் தெருவில் இன்று பொன் மின்னுகிறது, செட்டியார்தான் அரிது. ஆனால் கோயில்களும் வேலும் நின்றன.

அதனினும் பெரிய சோதனை 1983இல் வந்தது. அவ்வாண்டு யூலை 24ஆம் நாள் பூரணை. அன்றிரவு பொறளையில் மூண்ட தீ மறுநாள் செட்டியார் தெரு, புறக்கோட்டை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எங்கும் பரவியது. வேல் செல்லும் வீதியே எரிந்த வீதியாயிற்று. வளையலும் மிட்டாயும் விற்ற தெருவிலே மக்கள் உயிர் காக்க ஓடினர். கப்பலேறி யாழ்ப்பாணம் போனோர் பலர். கடல் கடந்து சென்று திரும்பாதோர் பலர். அதன்பின் சில ஆண்டுகள் தேர் வீதிக்கு வரவில்லை. மீண்டும் வந்தபோது சந்தையின் பழைய பொலிவு இல்லையே என்று முதியோர் வருந்துவர். எமக்கோ அது மீண்டும் வந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆடி கழிந்தால் ஆவணி. கொழும்பிலிருந்து வடக்கே சிலாபம் வரை புகையிரதத்தில் ஒரு பகற் பயணம் போதும். முன்னேசுவரத்து மகோற்சவத்தைத் தரிசிக்கலாம். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளிய இத்தலத்துக்குக் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு நிலம் வழங்கினான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிற் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் திருப்பணி செய்வித்தான். சைவக் கோயிலுக்குப் பௌத்த மன்னர் இருவர் செய்த தொண்டு இது. ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் இவ்விழாவுக்குச் சிங்கள அன்பர்கள் பெருந்திரளாக வருவர். அருகிலுள்ள பத்திரகாளி கோயிலில் நிகழ்ந்த உயிர்ப்பலி பற்றி நெடுங்காலம் விவாதம் இருந்தது. 2011இல் அமைச்சர் ஒருவரே ஆட்களுடன் வந்து பலிக்குரிய விலங்குகளைக் கொண்டு சென்றார். பலி ஒழிய வேண்டும் என்பதே சைவ நெறி நின்ற எம் கருத்து. எனினும் அதனை ஒழிக்கும் கை எம்முடையதாக இருந்திருக்கவேண்டும்.

சிலாபத்துக்கு அப்பால் உடப்பு என்னும் கடற்கரைத் தமிழூர். இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோர் வாழும் இவ்வூரில், ஆடி ஆவணியில் திரௌபதையம்மனுக்குப் பாரத விழா எடுத்துத் தீமிதிப்பர். கரைவலை இழுக்கும் கைகள் அந்நாட்களிற் கயிற்றை விட்டுக் கதை கேட்கும்.

நல்லூரைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1621இற் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்த பின், ஒல்லாந்தர் ஆட்சியில் 1734ஆம் ஆண்டளவில் இன்றைய கோயில் எழுந்தது. இருபத்தைந்து நாள் விழா. மணி பிசகாமல் நடக்கும் ஒழுங்கை நம் சங்கங்களும் கற்றுக்கொள்ளலாம். கொழும்புச் சைவருக்கு நல்லூர் என்றால் அது புகையிரதத்தோடு பிணைந்த நினைவு. 1905இல் இருப்புப் பாதை யாழ்ப்பாணத்தை எட்டியது. 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. தேர்த் திருவிழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமைகளில் கோட்டை நிலையத்திலே கந்தோர் உத்தியோகத்தர் கூட்டம் அலைமோதும். 1990இல் அப்பாதை அறுந்தது. தண்டவாளமும் பெயர்ந்தது, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. 2014 ஒக்டோபரில்தான் புகைவண்டி யாழ்ப்பாணத்தை மறுபடி கண்டது. இருபத்துநான்கு ஆண்டு! வெள்ளவத்தையிற் பிறந்த ஒரு குழந்தை, நல்லூர்த் தேரை ஒருமுறையேனும் காணாமல் வளர்ந்து மணமுடிக்கும் காலம் அது. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடற்றீர்த்தம் காணச் செல்வோர் பூரணை நாளைப் பார்த்துப் பயணச்சீட்டை முன்னரே எடுத்துக் கொள்க.

நவராத்திரிக்கு ஊர் போக வேண்டா, கொழும்பே போதும். கந்தோர்களிலும் கல்லூரிகளிலும் வாணி விழா, விசயதசமியில் ஏடு தொடக்கல், கோயில்களில் மாலையிலே வாழை வெட்டு. தீபாவளி இங்கே நவராத்திரி போலச் சபையில் நிகழும் விழாவன்று, வீட்டு விழா. கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் புடைவைக் கடைகளுக்கு அது பெருநாள்.

ஐப்பசியிற் கந்தசட்டி. ஆறுநாள் உபவாசம் இருப்போர் நம்மிடையே இன்றும் குறைவில்லை. ஆறாம் நாள் மாலையிற் சூரன் போர். யானைமுகம், சிங்கமுகம், சூரன் தலை என ஒவ்வொன்றாக மாற்றி, மாமரமாக நின்று, சேவலும் மயிலுமாக முடியும் அக்காட்சியைக் காணச் சிறுவர் தந்தையின் தோளில் ஏறுவர். கதையை அறியாமல் காட்சியை மட்டும் காண்பது போதாது என்பதனாலேயே நம் கோயில்களிற் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க ஒருவர் பயன் சொல்லும் வழக்கம் இருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றே குறித்தார்கள். கொழும்பில் அவ்வழக்கம் மெலிந்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தார் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்துக்குச் செல்லலாம். பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த கோயிலை அவர் மைந்தர் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாலே புதுக்கினார். வெளியே துறைமுக லொறிகளின் இரைச்சல். உள்ளே சென்றால் தஞ்சைப் பக்கத்துக் கோயிலொன்றில் நிற்பது போலிருக்கும். கல்லின் குளிர்ச்சியிலே புராணம் படிக்க இதனினும் நல்ல மண்டபம் கொழும்பில் இல்லை. படிக்க முன்வரும் இளைஞர் இருவர் கிடைத்தால் போதும்.

கடைசியிற் கார்த்திகை விளக்கீடு. ஊரில் வாசலிலே வாழைக்குற்றி நாட்டி அதன்மேற் சிட்டி வைத்து எரிப்பர். கோயில் முன்றிலிலே சொக்கப்பானை கொளுத்துவர். போர்க் காலத்திலும் அதன் பின்னரும், நவம்பர் மாதத்து விளக்கு என்ற ஒரே காரணத்தால் இந்தப் பழம் பண்டிகை சந்தேகக் கண்ணோடு நோக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு சுவாமி அறையில் மட்டும் ஏற்றிய வீடுகளும் உண்டு. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இன்று எழுந்துள்ள மாடிவீடுகளில் வாழைக்குற்றி நாட்ட ஒரு சாண் மண்ணும் இல்லை. ஆதலின் மேல்மாடிச் சுவரிலே சிட்டிகளை வரிசையாக வைக்கின்றனர். கடற்காற்று அணைக்க அணைக்க, பிள்ளைகள் தீப்பெட்டியுடன் திரும்பத் திரும்ப ஓடி ஏற்றுகின்றனர்.